மடிப்பு கலையாமல்

திங்கட்கிழமை டோக்கன்.
செவ்வாய் பதினொன்றுக்கு
ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு லாட்ஜில் நேர்காணல்.
சுற்றுலாக் கப்பலில் சலவைப் பிரிவு,
ஒன்பது மாத ஒப்பந்தம், சாப்பாடு அவர்களது.
டெல்மனிடம் அந்த மாதிரிச் சட்டை ஒன்றுதான் உண்டு,
வெள்ளையில் ஊசிக்கோடு போட்டது.
வீட்டில் வைத்தால் ரெஜினா கேட்பாள், எதற்கென்று.
அதனால் அது எங்களோடு கடலுக்கு வந்தது.

மண்டபம் வடக்குத் துறையில்
எங்கள் விசைப்படகு இதுவரை ஏற்றியதில்
அதுதான் மரியாதையான சரக்கு.

சுருட்டு என்றான் சூசை.
சுருட்டினால் மடிப்பு விழாதாம்,
மலேசியா போன மச்சான் சொன்னது.
தொங்கவிடு என்றான் நிக்சன்.
டிரைவர் அறை ஆணியில் தொங்கவிட்டோம்.
படகு உருள அதுவும் உருண்டது,
தலையில்லாத ஆறாவது ஆள்
சுக்கானைப் பிடிக்க வருகிற மாதிரி கை நீட்டியது.
டீசல் புகை படியுமென்று இறக்கினோம்.

கடைசியில்
ஐஸ்பெட்டியின் தெர்மாகோல் மூடி இரண்டு.
நடுவே நேற்றைய செய்தித்தாள்;
மை ஒட்டும் என்று அதை உருவிவிட்டு
பரோட்டாக் கடைப் பாலித்தீன் உறையைக் கிழித்து விரித்தோம்.
மேலே பாய்.
பாய்மேல் இன்னாசி.
தூக்கத்தில் புரண்டு புரண்டு
ஒருமுறை அணியத்திலிருந்து கடலிலேயே விழுந்தவன்
அன்று சவப்பெட்டியில் வைத்தது போல மல்லாந்து கிடந்தான்.
மூச்சு விடுவதுகூட யோசித்துத்தான்.

பிளஸ் டூ தமிழ்த் தாளில் ஒரு கேள்வி வந்தது:
திரை, இருபொருள் தருக.
அலை என்று எழுதி நிறுத்திவிட்டேன். பாதி மதிப்பெண்.
சுருக்கம் என்பது
இத்தனை வருடம் கழித்து, கச்சத்தீவுப் பக்கம்,
இன்னாசியின் முதுகைக் காவல் காத்தபோது நினைவு வந்தது.

இரண்டு மணிக்கு வலை ஏற்றினோம்.
காரல், நண்டு, சங்காயம், கொஞ்சம் கணவாய்.
அந்த நேரம் பார்த்தா டெல்மனுக்கு
ஒருதரம் திறந்து பார்க்கத் தோன்ற வேண்டும்.
மூடியைத் தூக்கினான்.
ஒரு கணவாய் சாகிற ஆத்திரத்தில் மையைப் பீச்சியது.
நிக்சன் முகத்தைக் குறுக்கே கொடுத்தான்.
கண், மூக்கு, சிரித்த பல் எல்லாம் கருப்பு.
சட்டையில் ஒரு புள்ளி இல்லை.

ஈரக்காற்றில் காலர் மட்டும் துவண்டிருந்தது.
சூசை டீ போட்டான், குடிக்க அல்ல.
கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி
கந்தல் சுற்றிப் பிடித்து
பலகைமேல் வைத்துக் காலரைத் தேய்த்தான்.
கச்சான் தூக்கியடிக்கிறது, படகு சாய்கிறது,
சூசையின் இடுப்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது.
ஒரு சொட்டு சிந்தவில்லை.
பிறகு அந்த டீயை ஐந்து பேரும் குடித்தோம்.

கரையில் குழாயடியில் மேல் கழுவி உடுத்தினான்.
பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தும்
உச்சிப்புளி தாண்டியும் நின்றுகொண்டே போனானாம்.

லாட்ஜில் முதல் வார்த்தையே
சட்டையைக் கழற்றுங்கள்.
தழும்பு, தேமல், குடலிறக்கம் பார்க்கணுமாம்.
நாற்பது பேர் சட்டை கட்டில்மேல் குவியலாக.
டெல்மன் மட்டும்
பித்தான் போட்டு, கை மடக்கி, நெஞ்சோடு பிடித்து நின்றானாம்,
கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவன் மாதிரி.
எழுதிக்கொண்டிருந்தவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாராம்.
அவ்வளவுதான். அடுத்த ஆள்.

திரும்பும்போது உட்கார்ந்தே வந்தான்.
தூங்கியும் போனான்.

போன் இன்னும் வரவில்லை.
நேற்று அந்தப் பக்கம் போனேன்.
ரெஜினா சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.
"காலரில் டீ வாசம் அடித்ததே,
யாருக்குக் கல்யாணம்?" என்றாள்.
நான் கடலைப் பார்த்தேன்.
"கச்சான் இன்னும் இறங்கவில்லை" என்றேன்.
அவள் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு
கைகள் இரண்டையும் இழுத்து, உதறி,
சுருக்கம் எடுத்தாள்.